கை தூக்கக் கூடாத காவலர்

லாரியை நிறுத்தக் கையைத் தூக்கிய போக்குவரத்துக் காவலருக்கு, தூக்கியது தன் கைதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. விரல்களெல்லாம் மரத்துப்போயின. கை தானாகத் தொப்பென்று விழுந்தது. லாரிக்காரர் அதைப் 'போ' என்று எடுத்துக்கொண்டு, குறுக்கே வந்த சைக்கிளை உரசிக்கொண்டு போனார்.

"இதயமாத்தான் இருக்கும்" என்று மனைவி அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களை மூடி மூடித் திறக்கச் சொன்னார். சற்று நேரத்தில் வலது கை வெளுத்துத் துவண்டது.

"இதயம் நல்லாத்தான் இருக்கு. இதுக்குப் பேரு தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம். காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு. கைக்குப் போற நரம்பும் ரத்தக்குழாயும் அது வழியாத்தான் போகணும். நீங்க கையைத் தூக்கித் தூக்கி, அங்க நெரிசலாயிடுச்சு."

"ஒன்வே ஆக்கிட முடியாதா டாக்டர்?"

"பெரும்பாலும் தோள், கழுத்து, நெஞ்சுப் பயிற்சியிலேயே சரியாயிடும். கேக்கலைன்னாதான் ஆபரேஷன். கையைத் தோளுக்கு மேல தூக்காதீங்க. பயிற்சியை விடாம பண்ணுங்க."

இன்ஸ்பெக்டரிடம் லீவு கேட்டார்.

"சும்மா நிக்கிற வேலைக்கு லீவாய்யா? சைக்கிள்காரன் புகாரே இன்னும் இருக்கு. இன்னொண்ணு வந்துச்சுன்னா, சீட்டைக் கிழிச்சிடுவேன்."

வேறு வழியில்லை. நாற்சந்தியின் நடுவிலேயே பயிற்சி தொடங்கியது.

"போகலாமா சார்?" என்று ஒரு கார்க்காரர் கேட்ட நேரம், காவலர் தோளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். "இவருக்கே தெரியலையாம்" என்று பின்னால் நின்ற வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு, கார்க்காரர் அங்கேயே நின்றுவிட்டார். அடுத்தது கழுத்துப் பயிற்சி. தலையாட்டியதைச் சம்மதமென்று நினைத்து நாலு பக்கத்து வண்டிகளும் ஒன்றாகப் புறப்பட்டு வந்தன. அரண்டுபோனவர் கைகளைத் தாழ விரித்து நெஞ்சை நிமிர்த்தினார். எல்லாம் நின்றன. அவர் மூச்சு விட்டு முடிக்கும்வரை ஒரு வண்டியும் அசையவில்லை.

கடைசியில் ஒவ்வொரு ஜன்னலாகப் போய்க் கெஞ்சினார்.

"நான் பண்றது சிக்னல் இல்லீங்க, வைத்தியம். நரம்பு நசுங்கியிருக்கு. என்னைப் பாக்காதீங்க, நீங்களே பாத்துப் போங்க."

நாலைந்து நாளில் ஆச்சரியம் நடந்தது. "நீங்க போங்க", "பரவால்ல, நீங்க முதல்ல" என்று வண்டிகள் வழிவிட்டுக்கொண்டு, தண்ணீர் மாதிரி ஓடின. விரல்களுக்கும் மெல்ல உணர்ச்சி திரும்பியது. காவலருக்கு நிம்மதியாகவும் இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது.

அப்போதுதான் ஜீப்பில் வந்து இறங்கினார் இன்ஸ்பெக்டர். கண்ணை மூடி நெஞ்சை விரித்து நின்ற காவலரைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"இதுக்கா சம்பளம்? தள்ளுய்யா. வண்டியை எப்படி நிறுத்துறதுன்னு பாரு."

தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடுவில் போய் நின்று, கையை விறைப்பாக மேலே தூக்கினார். பேருந்து ஒன்று அவரை அலுங்காமல் சுற்றிக்கொண்டு போனது. லாரியும் போனது. இன்னொரு கையையும் தூக்கினார். கார்கள் அவருக்குத் தொந்தரவு தராமல் மெதுவாக ஒதுங்கிப் போயின. முகம் சிவக்க, இரண்டு கைகளையும் உயர்த்தியபடியே நின்றார்.

அடுத்து வந்த பேருந்து மட்டும் அவர் பக்கத்தில் நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, பரிவோடு கேட்டார்:

"கையை இவ்வளவு மேல தூக்கக் கூடாதுன்னு உங்களுக்கு டாக்டர் சொல்லலியா சார்?"