அவசர எண் ரகசியம்

அணைகளையும் மின்நிலையங்களையும் எதிரிகளிடமிருந்து எப்படிக் காப்பது என்று உலகமே தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. அதற்கான விடை எங்கள் ஊர் நீரேற்று நிலையத்தில் இருக்கிறது, கண்ணுகளா. கண்டுபிடித்தவர் என் மாப்பிள்ளை. அங்கே அவர்தான் பாதுகாப்பு அதிகாரி.

முன்பு நிலையத்து வாசலில் ‘அவசரத்துக்கு அழைக்க’ என்று ஒரு எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். அழைத்தால் இன்ஜினியர் வந்து, கம்ப்யூட்டர் படுத்துவிட்டாலும் பம்பைக் கையாலேயே ஓட்டிவிடுவார். என்ன அலட்சியம் பாருங்கள். பயங்கரவாதிக்கும் படிக்கத் தெரியுமல்லவா? மாப்பிள்ளை கூட்டம் போட்டார். பிஸ்கட் தீரும்வரை விவாதித்தார்கள். பழைய எண் அழிக்கப்பட்டது. புது எண் ‘அதிமுக்கிய ரகசியம்’ ஆனது. அது வேண்டுமென்பவர் அந்த எண்ணுக்கே ஃபோன் செய்து அனுமதி பெற வேண்டும்.

போன வாரம் எதிரி வந்தான். வாசல் வழியாக அல்ல, கம்ப்யூட்டர் வழியாக. பம்புகள் நின்றன. ஆஸ்பத்திரியில் என் தங்கைக்கு அப்போதுதான் டயாலிசிஸ் தொடங்கியிருந்தது. தண்ணீர் இல்லாமல் அந்த மெஷின் ஓடாது. தொட்டி காலியானால் பாதியில் கழற்ற வேண்டியதுதான் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். தங்கைக்கோ கால் வீங்கி, மூச்சு வாங்கியது.

மாப்பிள்ளையை அழைத்தேன்.

“பதறாதீங்க அத்தை. எல்லாம் பாதுகாப்பா இருக்கு.”

“தண்ணி வரலையே மாப்பிள்ளை.”

“தண்ணியும் பாதுகாப்பாதான் இருக்கு.”

“அந்த அவசர நம்பருக்குச் சொல்லுங்களேன்.”

“அது எனக்கே தெரியாது அத்தை. அவ்வளவு டைட்டா வச்சிருக்கோம்.” அத்தனை சாதனைக்கும் குரலில் என்ன ஒரு அடக்கம்.

பக்கத்து வீட்டுக்காரர் அங்கே பம்ப் ஆபரேட்டர். அவரைப் பிடித்தேன். திரையில் எதிரி விட்டிருந்த மிரட்டலை ஃபோனிலேயே வாசித்தார். கடைசியில் ஒரு எண் இருந்ததாம்: ‘எந்நேரமும் அழைக்கலாம்.’

அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

“சொல்லுங்கம்மா.”

விஷயத்தைச் சொன்னேன். நடுநடுவே நன்றாகத் திட்டவும் செய்தேன்.

“டயாலிசிஸா? இப்ப எப்படி இருக்காங்க?”

“மூச்சு வாங்குறா.”

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. “ஆஸ்பத்திரிப் பக்கம் போற பம்பை மட்டும் விட்டுடறேன்மா. மத்ததுக்கு உங்க ஆபீஸ்காரங்களைப் பேசச் சொல்லுங்க. காலையிலேர்ந்து காத்திருக்கேன், ஒருத்தரும் கூப்பிடல.”

தண்ணீர் வந்தது. தங்கை முழுசாக முடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

எதிரியைப் ‘பணிய வைத்த’தற்காக மாப்பிள்ளைக்குக் கேடயம் கொடுத்தார்கள். கையோடு விசாரணைக் குழுவும் அமைத்தார்கள். தாக்கியவனைக் கண்டுபிடிக்க அல்ல; அவன் எண்ணை எனக்குக் கொடுத்த ஆளைக் கண்டுபிடிக்க. குழுவுக்குத் தலைவர், நீங்கள் நினைப்பவரேதான்.

நேற்று என்னைக் கூப்பிட்டு, நீள மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார். “எதிரியோட நீங்க ஏன் பேசினீங்க அத்தை?”

“என் தங்கச்சி எப்படி இருக்கான்னு அவன்தான் கேட்டான் மாப்பிள்ளை. நீங்க இன்னும் கேக்கல.”