வாசலுக்குப் போன மேசை

“கம்ப்யூட்டரு வந்துட்டா நீ இன்னாம்மா பண்ணுவே?”

டீக்கடை சின்னக்கண்ணு கிளாசைக் கழுவிக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார். கேட்டதை அவர் அப்போதே மறந்திருப்பார். அனந்தமதிக்கோ அன்று மத்தியானம் கட்டுச்சோறு இறங்கவில்லை.

திண்டிவனத்தில் சக்கரபாணி நடத்திய பிளான் போடும் ஆபீசில் அவளுக்கு வேலை. வீடோ அரிசி மில்லோ, அவர் பென்சிலில் போட்டுக் கொடுப்பார். அவள் டிரேசிங் தாளை மேலே விரித்து மையில் இழுப்பாள். மழையில்லாமல் மல்லாட்டைப் பயிர் பொய்த்துப்போன வருஷம் அது, எண்பத்தெட்டு. மேல்சித்தாமூர் வீட்டில் அடுப்பெரிந்தது அவள் சம்பளத்தில்தான். பாண்டிச்சேரியில் யாரோ கம்ப்யூட்டரில் பிளான் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து சக்கரபாணிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

விழுப்புரத்திலிருந்து வெங்கடாசலம் என்ற விற்பனைக்காரர் பை நிறைய விளக்கத்தாள்களோடு வந்து இறங்கினார்.

வேண்டாம் என்று சொல்ல அனந்தமதிக்கு வாய் வராது. லீவு கேட்கவே கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறவள். ஆனால் விலையை ஏற்றிவிட்டால் மனுஷர் தானே பின்வாங்கிவிடுவார் அல்லவா?

“கணக்குப் போடற சிப்பு தனியா வாங்கணும்னு இதுல போட்டிருக்கே சார்?” என்று மெல்லக் கேட்டாள்.

“அது இல்லாட்டியும் ஓடும்மா. படம் மெதுவா வரும், அவ்ளோதான்.”

“மெதுவா வரையறதுக்கு நானே இருக்கேனே.”

சக்கரபாணி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். பிறகு, “அதையும் சேத்துக்குங்க” என்றார்.

அவளுக்குத் திக்கென்றது. வெங்கடாசலம் மறுபடி வந்தபோது விளக்கத்தாளில் இருந்த திரையின் படத்தில் கை வைத்தாள்.

“ஒரே பச்சையா இருந்தா சொவரு எது, தண்ணிக் கொழாய் எதுன்னு எப்பிடித் தெரியும்?”

“நல்ல கேள்வி” என்றார் வெங்கடாசலம். “கலர் திரை இருக்குது. வெலைதான் கொஞ்சம்...”

“கலரே போடுங்க” என்றார் சக்கரபாணி.

அனந்தமதி விடவில்லை. “படம் டிவிக்குள்ளயே இருந்தா முனிசிபாலிட்டிக்கு டிவியையா தூக்கிக்கினு போறது?”

வெங்கடாசலத்தின் முகம் கல்யாண வீடு போல் ஆனது. பிளாட்டர் என்று ஒன்று இருக்கிறதாம். தானே பேனா பிடித்துத் தாளில் வரையுமாம். ஒரு கட்டில் அளவு இடத்தை அடைக்குமாம்.

“ஐயோ, எடமே இல்லையே சார்!”

“பண்ணிக்கலாம்” என்றார் சக்கரபாணி. மறுநாள் காலை அனந்தமதியின் மேசை அறையிலிருந்து நடைக்குப் போயிருந்தது.

நடையிலிருந்தே அவள் கடைசி அஸ்திரத்தை விட்டாள். “நம்மூரு வெயிலுக்கு அதெல்லாம் தாங்குமா சார்?”

ஏசி வந்தது. ஏசிக்காக ஜன்னல்களை அடைத்தார்கள். அடைத்த அறையில் புளூபிரிண்ட் எடுக்கும் அம்மோனியா மெஷினை ஓட்டியதும் எல்லாருக்கும் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். மாடி எடுக்க பிளான் கேட்டு வந்த பூமாலை துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார். எதிரே வந்த வெங்கடாசலம் செருப்பைக் கழற்றிவிட்டு, “எப்பங்க தவறிட்டாரு?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

அம்மோனியா மெஷின் நடைக்கு வந்தது. நடையிலிருந்த மேசை வாசலில், தகரக் கொட்டகையின் கீழே போய் நின்றது.

‘வாயை வச்சுக்கினு சும்மா இருந்திருந்தா உள்ளயாச்சும் இருந்திருப்பேன்’ என்று அனந்தமதி தன்னையே நொந்துகொண்டாள். மேசை போன வழியில் அடுத்தது பஸ் ஸ்டாண்டுதான்.

கம்ப்யூட்டர் விழுப்புரத்திலிருந்து பஸ்சில் வந்தது. திரைக்குத் தனி டிக்கெட், ஜன்னலோர சீட்டு. கூட்டேரிப்பட்டில் ஏறிய ஒருவர் பெட்டியைக் கீழே வைக்கச் சொல்லிச் சண்டை பிடிக்க, கண்டக்டர், “அதுக்கு டிக்கெட்டு இருக்குதுய்யா. நீ மொதல்ல உன் டிக்கெட்ட எடு” என்றாராம். வெங்கடாசலமே சொல்லிச் சிரித்தார்.

அன்று அனந்தமதி வந்தபோது வாசல் மேசையில் அவளுடைய மைப் பேனாக்களைக் காணவில்லை. மேசையைத் துடைத்து வைத்திருந்தார்கள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அழக் கூடாது, சொல்லிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும் என்று நினைத்து உள்ளே போனாள்.

அறை குளிர்ந்து கிடந்தது. சக்கரபாணியின் பெரிய மேசைமேல் கம்ப்யூட்டர் கலர் கலராக மின்னியது. பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

“சார், நான் அப்ப...”

வெங்கடாசலம் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

“ஏம்மா நின்னுக்கினே கீறே? ஜல்தி உக்காரு. ‘எனக்கு இதுல ஒண்ணுமே புரியல, அந்தப் பொண்ணு ஆசை ஆசையா கேக்குது, அதுவே உக்காரட்டும், நான் எங்கனா ஓரமா கையால போட்டுக்கிறேன்’னு சாரு மொத நாளே சொல்லிட்டாரே!”

சக்கரபாணி டி-ஸ்கொயர் அளவுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்.