எலும்பு யார் வீட்டுச் சொத்து?

கரூ ஆட்டுப் பண்ணை, ஞாயிறு மாலை

கேப் டவுனை ஒட்டிய பெல்வில்லில் வசிப்பவரும், என் மனைவி ஹெஸ்தரின் அண்ணனும், நானே மறுக்க நினைத்தாலும் என் தகப்பனார் வழியிலும் உறவினருமான மதிப்பிற்குரிய லோரன்ஸ் கெர்பர் அவர்களுக்கு, தீல்மான் ரூ எழுதிக்கொள்வது. இங்கே ஆடுகள் நலம். மழைதான் எட்டிப் பார்க்கவில்லை. தங்கள் நலமறிய எனக்கு ஆவல் இல்லை, ஏனென்றால் தங்கள்மேல் கடுங்கோபத்தில் இருக்கிறேன்.

என் மகளும் தங்கள் மருமகளுமான மீக்கி ஒன்பது வயதில் என் தோளைத் தொடுகிறாள். போன வருடம் தண்ணீர் இறைக்கும் காற்றாலைமேல் ஏறித் தள்ளுவண்டியில் விழுந்தாள். வண்டி உடைந்தது, அவள் எழுந்து போய் ரஸ்க் தின்றாள். பள்ளி நீச்சல் போட்டியில் குதித்தவள் கல் மாதிரி அடிக்குப் போய்விட்டாள். வாத்தியார் சூட்டும் டையுமாகக் குதித்துத் தேடிக்கொண்டிருக்க, இவள் தரையிலேயே நடந்து எதிர்ப்பக்கம் ஏறி, "நான்தானே முதல்ல வந்தேன்?" என்று கேட்டாள். கிறிஸ்துமஸ் விருந்தில் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டோமே, மறந்துவிட்டதா? "இது கெர்பர் எலும்புடா!" என்று மேஜையைத் தட்டினீர்கள். "போங்க மச்சான், சுத்தமான ரூ எலும்பு" என்று நானும் தட்டினேன். குழம்பு முழுக்கப் பாதிரியார் மடியில் கொட்டியது.

அப்புறம்தான் அவளுக்குத் தலைவலி வந்தது. வலது காது மந்தமானது. சிரித்தால் பாதி முகம் மட்டும் சிரித்தது. கேப் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வெளியே காத்திருந்த இன்னொரு குடும்பத்தில் ஒரு பையன், அவனுக்கும் இதே நெடுநெடு உயரம், இதே பெட்டித் தாடை. நம் ஆட்கள் புது மனிதரைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்போமா? "எந்த ரூ நீங்க? மலைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று ஆரம்பித்தேன். கொள்ளுத் தாத்தாவில் போய் இரண்டு குடும்பமும் முட்டிக்கொண்டது. மூலையில் இருந்த பெண்மணி, "எங்க அம்மாவும் ரூதான்!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். உப்புக்கண்டப் பொட்டலம் பிரிந்தது, காப்பி பிளாஸ்க் கைமாறியது. நர்ஸ் வந்து "ரூ!" என்று கூப்பிட்டதும் அங்கிருந்த அத்தனை பேரும் எழுந்து உள்ளே போய்விட்டோம். டாக்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, "நீங்களும் உங்க மனைவியும் சொந்தமா?" என்று கேட்டார்.

"என்ன டாக்டர் இப்படிக் கேட்டுட்டீங்க? சொந்தம் இல்லாத வீட்ல போய்ப் பொண்ணு எடுப்பமா? நிலம் என்னாகும்?"

அவர் சிரிக்கவில்லை. வியாதிக்கு ஸ்கிளெரோஸ்டியோசிஸ் என்று பெயராம். பரம்பரையில் வருவதாம். எலும்பு வளர்வதை நிறுத்தவே நிறுத்தாதாம். மண்டையோடும் உள்பக்கமாகத் தடித்து மூளையையும் நரம்புகளையும் நெரிக்கிறதாம். ஆபரேஷன் செய்து மண்டையைத் திறந்து இடம் பண்ணாவிட்டால் பிள்ளை உயிருக்கே ஆபத்து என்றார். மச்சான், அத்தனை நாளும் ஊர் ஊராகப் பீற்றிக்கொண்டது இதைத்தான்.

அன்று மாலை தங்கள் வீட்டு முற்றத்தில் கறி சுட்டுக்கொண்டிருக்கும்போது விஷயத்தைச் சொன்னேன். தாங்கள் என்ன சொன்னீர்கள்? "தீல்மான், அது ரூ எலும்புன்னு நீதானே சொன்னே? நீயே வச்சுக்க!"

"மேஜையத் தட்டுனது யாரு? கெர்பர் எலும்புதான் இது!"

"உங்க அத்தையோட தாடையப் பார்த்தாலே தெரியாதா, எங்க இருந்து வந்துச்சுன்னு?"

செத்துப்போன அத்தையை இழுத்தால் பொறுக்க முடியுமா? பாதி வெந்த கறியைத் தட்டோடு எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

ஆகவே அறிவிப்பது என்னவென்றால், ஆபரேஷனுக்கு வரும்போது தங்கள் வாசல்படியை மிதிக்க மாட்டோம். ஆஸ்பத்திரி எதிரில் ஆட்டு லாரியிலேயே படுத்துக்கொள்வோம். "லாரி நாறுதேப்பா" என்றாள் மீக்கி. "நாறினாலும் அது ரூ லாரி" என்றேன். "அதை வாங்கிக் குடுத்ததே எங்க அண்ணன்தான்" என்று ஹெஸ்தர் சொன்னதை இங்கே எழுத அவசியமில்லை. எலும்பு கெர்பர் எலும்புதான் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளும்வரை இரு குடும்பத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

தங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். நாய்க்கு என் அன்பு. தங்களுக்கு ஒன்றும் இல்லை. கர்த்தர் தங்கள் வீட்டைக் காப்பாராக. அது அவர் வேலை, நான் தடுக்க முடியாது.

இப்படிக்கு,
தீல்மான் ரூ

பி.கு.: திங்கள் காலை. தபாலில் போடுமுன் தீர்ப்பு வாங்கிவிடலாமென்று டாக்டருக்குப் போன் செய்தேன். ஒரு பக்கம் மட்டும் இந்த எலும்பைக் கொடுத்தால் பிள்ளைக்கு ஒன்றும் வராதாம். தாயும் கொடுத்து, தகப்பனும் கொடுத்தால்தான் வருமாம். லாரி வேண்டாம், வியாழக்கிழமை தங்கள் வீட்டுக்கே வருகிறோம். மீக்கிக்கு வலது காது போய்விட்டது, இடதும் மங்குகிறது. மயக்க மருந்து கொடுக்கும்வரை பக்கத்தில் யார் இருக்கணும் என்று அவளிடம் கேட்டேன். என்னைச் சொல்வாள் என்று நினைத்தேன். "லோரன்ஸ் மாமா. நீங்க எல்லாரும் பயந்துக்கிட்டு மெதுவாப் பேசுறீங்க, ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. மாமா பேசுனா கேக்கும்" என்றாள். வந்துவிடுங்கள் மச்சான். வந்து கத்துங்கள்.