பிடித்து வைத்த வீடு

இந்த வீட்டில் இனிமேல் நானும் ஒரு முடிவெடுப்பேன் என்று யோகலிங்கம் தீர்மானிப்பது வருடத்துக்கு ஒருதரம் நடக்கிறதுதான். ஆனால் எடுத்த முடிவை மனைவியிடம் கேட்காமலே செய்து முடித்துவிடுவது என்று அவர் தீர்மானித்தது இதுதான் முதல்தரம்.

ஆள் இலேசுப்பட்டவர் இல்லை. வவுனியா டவுனில் கார் ஓட்டப் பழக்குகிற லேனர்ஸ் ஒன்றில் மாஸ்டர். வங்கி மனேஜரும் பள்ளிக்கூட அதிபரும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் வேர்த்து வடிவார்கள். "கிளச்" என்று அவர் சொன்னால் கிளச். "நிப்பாட்டு" என்றால் நிற்கும். நிற்காவிட்டாலும் பரவாயில்லை, பழக்குகிற காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். வீட்டில்தான் சிக்கல். அங்கே எல்லாப் பிரேக்கும் பிரேமிளாவின் காலடியில்.

பிரேமிளா சாறிச் சட்டை தைக்கிறவா. கனகராயன்குளத்தில் அவா தைத்த சட்டை போடாமல் ஒரு கலியாணம் நடந்ததாகச் சரித்திரம் இல்லை. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டின் ஹோலில் தையல் மெசின், மெசினைச் சுற்றித் துணி, துணியைச் சுற்றிப் பெண்கள். பஸ்ஸால் இறங்கிக் களைத்துப் போய் வருகிற யோகலிங்கம் வேலிப் படலையடியில் நின்று குரல் கொடுக்க வேண்டும்.

"பிரேமி, நான் வாறன்."

"நில்லுங்கோ, அளவெடுக்கிறன்."

அவர் முருங்கை மரத்தடியில் நிற்பார். மழை என்றால் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். அதிலும் நாகேஸ்வரி அக்கா வந்திருந்தால் இருட்டும்வரை நிற்பார். அவா அயலில்தான் இருக்கிறா. மாதத்துக்கு ஒரு சட்டை தைப்பா. மாதத்துக்கு ஒரு அளவு. டேப் சுருங்கிவிட்டது என்று பிரேமிளாவோடு சண்டை பிடித்து முடித்துத்தான் வெளியே வருவா. ஒருநாள் மழைக்குள் நின்றவரைப் பார்த்து, "என்ன தம்பி, உள்ளுக்குப் போகாமல் காத்து வாங்குறீரோ?" என்று கேட்டா. அன்றைக்குத்தான் யோகலிங்கம் முடிவெடுத்தார்.

வவுனியாவில் வாடகைக்கு ஒரு வீடு. தையலுக்குத் தனியறை. மனிசனுக்குத் தன் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்க ஒரு விறாந்தை. வேலைக்கு நடந்தே போகலாம்.

வீட்டுத் தரகர் செந்தூரன் அவருடைய பழைய மாணாக்கன். இப்போது கண்ணாடிக் கதவு போட்ட ஒரு ஒபிஸ் வைத்திருந்தான். குருமன்காட்டுப் பக்கம் ஒரு வீட்டைக் காட்டினான். விறாந்தையைக் கண்டதுமே யோகலிங்கத்துக்கு அதில் தன் கதிரை கிடப்பது தெரிந்தது.

"அண்ணைக்கு வீடு பிடிச்சிருக்கோ?"

"பிடிச்சிருக்கு."

"அப்ப பிடிச்சு வைப்பம். பின்னேரம் வேற ஆக்கள் வரினம். ஏதும் அட்வான்ஸ் தந்தீங்களெண்டால் ஒருத்தருக்கும் காட்ட மாட்டன்."

"பிறகு மனிசிக்குப் பிடிக்கேல்லை எண்டால்?"

"அண்ணை, காசைப் பிடிச்சு வைக்க நான் என்ன பேயனோ? அப்பிடியே திருப்பித் தருவன்."

யோகலிங்கத்தின் பொக்கற்றில் காசு இருந்தது. ஆனால் அது அவருடைய காசு இல்லை. துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லொக் மெசின் ஒன்றை வாங்கி வரச்சொல்லி, பிரேமிளா சேர்த்துக் கொடுத்துவிட்ட காசு. மெசின் வாங்காவிட்டால் துணிதான் பிரியும், வீடு போனால் வாழ்க்கையே பிரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவ்வளவையும் எண்ணிக் கொடுத்துவிட்டார்.

அன்று பின்னேரம் முருங்கை மரத்தடியில் நிற்கும்போதுகூட அவருக்குச் சிரிப்பாகவே இருந்தது. எல்லாரும் போனபிறகு உள்ளே போய்க் கதையைத் தொடங்கினார்.

"பிரேமி, டவுன்ல ஒரு வீடு எடுத்து இருந்தால் என்ன?"

பிரேமிளாவின் வாயில் குண்டூசி. ஒவ்வொன்றாய் எடுத்துத் துணியில் குத்திவிட்டுத்தான் பேசினா.

"டவுன்ல ஒழுங்கைக்கு ஒழுங்கை தையல்காரி. இஞ்ச நான் ஒருத்தி. எனக்கென்ன விசரோ?"

"இல்லை, சும்மா கேட்டனான்."

"சும்மாதானே? சரி. மெசின் என்னமாதிரி?"

"அது... கொழும்பில இருந்து வரவேணுமாம்."

"ஓகோ," என்றா பிரேமிளா. அந்த 'ஓகோ'வின் நீளம் யோகலிங்கத்துக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அடுத்தநாளே செந்தூரனிடம் போனார். செந்தூரன் எழும்பி நின்று வரவேற்றான். தேத்தண்ணியும் ரோல்ஸும் எடுப்பித்தான். பிறகுதான் காசு ஓனர் அம்மாவிடம் போய்விட்டது என்று சொன்னான்.

"திருப்பித் தருவன் எண்டு சொன்னனீர் எல்லோ?"

"சொன்னனான் அண்ணை. ஆனால் ஓனர் அம்மா சொல்லேல்லையே. அவா உங்களுக்காக எத்தினை பேரைத் திருப்பி அனுப்பினவா தெரியுமோ? அவான்ர மனம் நோகாதே?"

முகம் தெரியாத ஒரு அம்மாவின் மனம் நோகக்கூடாதென்று யோகலிங்கம் எழும்பி வந்துவிட்டார். பிறகும் போனார். ஒவ்வொரு முறையும் ரோல்ஸ் வந்தது, காசு வரவில்லை. ஒருமுறை அவரே வேறு ஆள் தேடிக் கொண்டுவந்து விடுவதாக ஒப்புக்கொண்டு, தரகருக்கு இலவசத் தரகராகத் திரும்பி வந்தார்.

லேனர்ஸில் கூட வேலை செய்கிற பழனியாண்டியிடம் மனம்விட்டுச் சொன்னார். பழனியாண்டி சிரித்தார்.

"அந்தப் பெடியனுக்குப் பழக்கினது நீங்கதானே மாஸ்டர்? முன்னுக்கு என்ன ஓட்டம் ஓடினான். ரிவேர்ஸ் மட்டும் கடைசிவரைக்கும் வரல்ல. இப்ப அவன்கிட்டப் போன காசு ரிவேர்ஸில வரும்னா பாக்கிறீங்க?"

"வழி சொல்லும்."

"குடும்பப் பிரச்சினைன்னு சொல்லுங்க. நீங்களும் உங்க சம்சாரமும் பிரிஞ்சிட்டீங்க, இனி வீடே தேவையில்லன்னு சொல்லுங்க. குடும்பப் பிரச்சினையில ஒருத்தனும் வாய் குடுக்க மாட்டான்."

யோகலிங்கம் முதலில் மாட்டேன் என்றார். பிறகு யோசித்துப் பார்த்தால், சொல்லப்போவது முப்பது கிலோமீற்றருக்கு இந்தப் பக்கம். பிரேமிளா இருப்பது அந்தப் பக்கம். காற்றா கொண்டுபோய்ச் சொல்லப்போகிறது?

போனார். முகத்தைத் தொங்கப் போட்டார். சொன்னார். கண்ணைத் துடைக்க லேஞ்சியும் எடுத்தார். செந்தூரனுடைய கண்ணும் கலங்கியது.

"அண்ணை, நான் இதை எதிர்பார்க்கேல்லை."

"என்ன செய்யிறது தம்பி. விதி. அப்ப அந்தக் காசு..."

"அதைப்பற்றி யோசியாதேங்கோ. அண்ணைக்கு இனி வீடு பெரிசு. தனி ஆளுக்கு அளவா ஒரு அனெக்ஸ் இருக்கு. குளியலறை மட்டும் வெளியில. அட்வான்சை அப்பிடியே அதுக்கு மாத்திவிடுறன். ஒரு சதம் நட்டமில்லை."

சாவியை மேசையில் வைத்தே விட்டான். யோகலிங்கம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவந்தார். அன்று ரோல்ஸ் சாப்பிடவும் இல்லை.

அந்தக் கிழமையே ஒருநாள் பின்னேரம் கனகராயன்குளத்தில் பஸ்ஸால் இறங்கியவருக்கு ஊர் கொஞ்சம் மாறியிருப்பதுபோலத் தோன்றியது. சந்திக் கடைக்காரர், "இப்ப எங்க தங்கிறீர்?" என்று கேட்டார். சைக்கிளில் வந்த ஒரு பெண், அவரைக் கண்டதும் மற்றப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனா. படலையடியில் நின்று குரல் கொடுத்தார். பதிலில்லை. எட்டிப் பார்த்தார். ஹோலில் ஒருத்தருமில்லை. மெசினுக்கு முன்னால் பிரேமிளா மட்டும்.

"வாங்கோ," என்றா தலை நிமிராமல். "ஆரைப் பாக்க வந்தனீங்கள்?"

"என்ன பிரேமி இது, என்ர வீட்டுக்கு நான் வந்தால்..."

"நீங்கள் என்னை விட்டிட்டுப் போட்டீங்களாம். எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

யோகலிங்கம் கதிரையைத் தேடி உட்கார்ந்தார். அந்த ஹோலில் கதிரை காலியாக இருந்ததே அவருக்குப் பயமாக இருந்தது.

"செந்தூரன் எண்டு ஒரு தம்பி வந்தவர். நல்ல பெடியன். துக்கம் விசாரிச்சார். நான் ஆர் செத்தது எண்டு கேட்டன்."

"பிரேமி, அது வந்து..."

"முன் அறையை வாடகைக்குக் குடுத்தால் தனிச்சுப்போன ஆளுக்கு உதவியா இருக்குமாம். தான் ஆள் பிடிச்சுத் தாறாராம். நீங்கள் அழுததையும் சொன்னவர். லேஞ்சி என்ன நிறம் எண்டதையும் சொன்னவர்."

"நீர் என்ன சொன்னீர்?"

"நான் என்னத்தைச் சொல்லுறது. அழுதன்."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து பிரேமிளா அழுது அவர் பார்த்ததில்லை. அவர் அழுததைத்தான் அவா பார்த்திருக்கிறா.

"நான் அழ, நாகேஸ்வரி அக்கா அழுதவா. சட்டைக்கு வந்து நிண்ட எல்லாரும் அழுதவை. அந்தப் பெடியனுக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. அந்த நேரம் பாத்துத்தான் கேட்டன், தம்பி, மனிசன் போறது போகட்டும், நான் மெசினுக்குச் சேர்த்த காசையும் கொண்டு போட்டுதே எண்டு. ஐயோ அக்கா, அது என்னட்டையெல்லோ அட்வான்சாக் கிடக்கு எண்டு வாய்தவறிச் சொல்லிட்டுது, பாவம்."

"நான் மெசின் வாங்கேல்லை எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"போன கிழமையே கடைக்குப் போன் எடுத்தனான். மெசின் கொழும்பில இருந்து வரேல்லை, கண்ணாடிக்குள்ள கிடக்கு, ஒருத்தரும் கேட்டும் வரேல்லை எண்டு சொன்னவை. நீங்களா வாய் திறப்பீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

யோகலிங்கம் நிலத்தைப் பார்த்தார். நிலம் முழுக்க நூல்.

"பிறகு?"

"பிறகென்ன. நாகேஸ்வரி அக்கா கதிரையைத் தூக்கி வாசலில போட்டு இருந்தவா. அவா இருந்தால் அந்த வாசலில காத்துக்கும் இடமில்லை. விட்டிட்டுப் போனவன்ர காசில்லை இது, விடப்பட்டவளின்ர காசு, வைச்சிட்டுப் போ தம்பி எண்டா. பெடியன் அந்த இடத்திலயே போனைத் தட்டி என்ர கணக்குக்குப் போட்டிட்டான்."

"முழுக்கவோ?"

"முழுக்க."

"ஓனர் அம்மாவிட்டப் போட்டுது எண்டானே."

"அந்த அம்மா அவன்ர மேசை லாச்சிக்குள்ளயே குடியிருக்கிறா போல."

யோகலிங்கத்துக்கு ஒரு பெரிய மூச்சு வந்தது. வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும் ஆறுதல் மற்றப் பக்கம் கூடுதலாக இருந்தது. காசு வந்துவிட்டது. மனைவி ஏசவுமில்லை. அவர் எழும்பினார்.

"பிரேமி, பிழை என்னில்தான். இப்பவே போய் சந்தியில எல்லாருக்கும் சொல்லிட்டு வாறன், அது சும்மா விட்ட கதை எண்டு."

"இருங்கோ."

இருந்தார்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. இண்டைக்கு நாகேஸ்வரி அக்கா நாலு சட்டைக்குத் துணி தந்திட்டுப் போனவா. கூலி எவ்வளவெண்டு கேக்கேல்லை. டேப்போட சண்டை பிடிக்கேல்லை. மாங்குளத்தில இருந்தெல்லாம் போன் வருது, பாவம் அந்தப் பிள்ளையிட்டயே தைக்கக் குடுப்பம் எண்டு. தீபாவளிக்கு இப்பிடி ஒரு ஓடர் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை."

"அதுக்கு?"

"தீபாவளி முடியும்வரைக்கும் நீங்கள் விட்டிட்டுப் போன ஆளாவே இருங்கோ."

"நான் எங்க போறது?"

"போகத் தேவையில்லை. பொழுதுபட்டாப்போல பின் வேலியால வாங்கோ. குசினிக்குள்ள இருங்கோ. ஹோலுக்குள்ள மட்டும் வந்திடாதேங்கோ."

அப்படித்தான் நடந்தது. முன்னால் முருங்கை மரத்தடியில் நின்ற மனிசன், பின்னால் வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து வரத் தொடங்கினார். புது ஓவர்லொக் மெசின் ஹோலில் கடகடவென்று ஓடியது. குவிந்து கிடந்த சட்டைகளைக் கண்டு அவருக்கே மனம் பொறுக்காமல், சும்மா இருக்கிற கைதானே என்று கொளுக்கி தைக்கக் கேட்டார். பிரேமிளா காட்டிக் கொடுத்தா. முதல் நாலைந்து கொளுக்கி விரலில் ஏறியது. பிறகு துணியில் ஏறியது. வங்கி மனேஜரை அதட்டுகிற மாஸ்டர், குசினிப் பலகையில் சப்பாணி கட்டியிருந்து, மூக்குக் கண்ணாடியை இறக்கி, ஊசியில் நூல் கோப்பதற்கு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தார். ஒரு சட்டை சரியாக வந்தபோது, உண்மையைச் சொன்னால், அவருக்குப் பெருமையாகவும் இருந்தது.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, தண்ணி குடிக்கவென்று நாகேஸ்வரி அக்கா நேரே குசினிக்குள் வந்துவிட்டா. யோகலிங்கம் எழும்ப நினைத்தார். மடியில் பன்னிரண்டு சட்டை. எழும்ப முடியவில்லை. நாகேஸ்வரி அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தா. அவர் கையிலிருந்த சட்டையை வாங்கிப் பார்த்தா. அது அவான்ரதான். கொளுக்கியை இழுத்துப் பார்த்தா. பிடித்தது.

"பிரேமிளா," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தா. "இந்த மனிசன் இஞ்ச என்ன செய்யுது?"

மெசின் நின்றது. பிரேமிளா வந்து வாசலில் நின்றா. யோகலிங்கம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இனி எப்படியும் உண்மையைச் சொல்லித்தானே ஆகவேண்டும் என்று அவர் மனம் குளிர்ந்தது.

"வேலை கேட்டு வந்தவர் அக்கா," என்றா பிரேமிளா. "பாக்கப் பாவமாக் கிடந்துது."

நாகேஸ்வரி அக்காவின் கண் நிறைந்தது. "உன்ர மனம் ஆருக்கு வரும் பிள்ளை. விட்டிட்டுப் போனதைக் கூப்பிட்டு வேலை குடுத்திருக்கிறியே. சம்பளத்துக்கோ?"

"இல்லை அக்கா. சாப்பாட்டுக்கு."