படத்தின் கீழ் இடமில்லை

புகைப்படக் கலை உலகில் இரண்டு முறை கண்டுபிடிக்கப்பட்டது. முதல் முறை ஐரோப்பாவில், யாரோ ஒரு சிலரால், ஒரு வரவேற்புரைகூட இல்லாமல். இரண்டாம் முறை மட்டக்களப்பு வாவிக்கரையில், எங்கள் மகா வித்தியாலயத்தின் பிரதான மண்டபத்தில், மங்கல விளக்கேற்றி, வாழ்த்துப் பாடி, முறைப்படி. முதலாவதைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் ஏன் இவ்வளவு எழுதுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. அதில் பிரதம அதிதியே இருக்கவில்லை.

'எண்ணிம விழிகளில் எழில் வாவி' என்பது எங்கள் திட்டத்தின் பெயர். உயர்தர வகுப்பு மாணவரின் 'ஆக்கத்திறனை' டிஜிட்டல் புகைப்படம் வழியாக மலரச் செய்வது அதன் நோக்கம். வாவி எழுச்சி மன்றம் என்ற பொதுநல அமைப்பு மூன்று கமராக்களை அன்பளிப்புச் செய்தது. மன்றத் தலைவர் திரு. உதயரூபன் தாமே வந்து கையளித்தார்.

கையளிப்பு என்பது எங்கள் பகுதியில் தனிக் கலை. ஒருவர் கொடுத்து மற்றவர் வாங்கினால் அது வெறும் கொடுக்கல் வாங்கல். மேடையில் இருக்கும் அத்தனை பேரும் பொருளின் ஏதாவது ஒரு மூலையைத் தொட்டுக்கொண்டு முன்னால் பார்த்துச் சிரித்தால்தான் அது கையளிப்பு. சைக்கிள், அலுமாரி, தண்ணீர்த் தாங்கி என்றால் சிக்கல் இல்லை. கமராவோ உள்ளங்கையளவு. கை வைக்க இடம் கிடைக்காத பிரதி அதிபர், கமராவைத் தொட்டுக்கொண்டிருந்த அதிபரின் முழங்கையைத் தொட்டார். மின்சாரத்தைப் போல மரியாதையும் உடலால் கடத்தப்படும் என்பதை அன்று நேரில் கண்டோம்.

மேடையிலிருந்த கமராவை மற்ற இரண்டு கமராக்களும் படம் எடுத்தன. அவை அன்று எடுத்ததுதான் கடைசி. விழா முடிந்ததும் மூன்றும் அதிபரின் இரும்பு அலுமாரிக்குள் போயின.

"கமரா எண்டா கண் மாதிரி. கண்ண ஆராவது பிள்ளையளிட்ட விளையாடக் குடுப்பமா?" என்று அதிபர் காலைக் கூட்டத்தில் கேட்டார். கேள்வியில் இருந்த நியாயத்துக்கு நாங்கள் கைதட்டினோம்.

திட்டத்துக்குப் பொறுப்பான நிஸ்தார் சேர் இதனால் மனம் தளரவில்லை. கரும்பலகையில் கமராவை வரைந்தார். விரல்களால் சட்டம் அமைத்து, ஒரு கண்ணை மூடி, வாயால் "கிளிக்" என்று சொல்லப் பழக்கினார். இந்த முறையில் மின்கலம் தீராது, படம் ஆடாது, எடுத்த படத்தைப் பார்த்து ஒருவரும் ஏமாறவும் மாட்டார்கள்.

நான் இத்திட்டத்தின் 'ஊடகச் செயலாளர்'. எனக்குக் கணினியில் தமிழ் தட்டச்சு வரும், எதிர்த்துப் பேச வராது. இரண்டும் சேர்ந்த மாணவன் கிடைப்பது அரிது என்று அதிபரே சொன்னார்.

எல்லாம் செம்மையாக நடந்துகொண்டிருக்கையில் மன்றத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கண்காட்சி எப்போது என்று கேட்டார்கள். கமரா கொடுத்தால் படம் வரும் என்று வெளியுலகத்தில் இன்னும் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது.

நிஸ்தார் சேர் வகுப்புக்கு ஓடி வந்தார். "இஞ்ச பாருங்க பிள்ளையள், எல்லாரும் வீட்டு போன்ல எடுத்து வாட்சப்ல அனுப்புங்க. ஆனா கமராவால எடுத்த மாதிரி இரிக்கணும்."

"அது எப்பிடி சேர்?" என்று கேட்டேன்.

"நிலோஜன், கேள்வி கேக்கிறது ஆக்கத்திறன் இல்ல மனே."

படங்கள் குவிந்தன. பெரும்பாலும் சூரியன். உதிக்கும்போதும் மறையும்போதும் அது படும் பாட்டைப் பார்த்தால் இரக்கமாக இருந்தது. நான் இணையத்திலிருந்து பனி மூடிய ஏரி ஒன்றை இறக்கி, 'எங்கள் வாவியில் மார்கழி' என்று தலைப்பிட்டு அனுப்பினேன். நான் வாசிக்கும் நாவல்களிலெல்லாம் பனி பெய்கிறது. நம் வாவிக்கு மட்டும் ஏன் இந்த அநீதி என்று எனக்கு நெடுநாள் வருத்தம். "குளிர் நல்லா விழுந்திரிக்கி" என்று நிஸ்தார் சேர் பாராட்டினார்.

நிருஷாவின் படமும் வந்தது. அவள் வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பக்கத்திலிருந்து வருகிறவள். அவளுடைய தகப்பன் கந்தப்போடி வாவியில் மீன் பிடிக்கிறவர். காலையில் அவளையும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளையும் தோணியில் இக்கரைக்கு ஏற்றி வருவார். தகப்பனின் பழைய போனில், முதல் ஆளாக இறங்கிக் கரையில் நின்று அவள் அந்தப் படத்தை எடுத்திருந்தாள். தண்ணீர் ஓரத்தில் ஒரு கல். கல்லின் மேல் ஒரு நீர்க்காகம், நனைந்த சிறகுகளை அகல விரித்துக் காயவைத்துக்கொண்டு, விழாவுக்கு வந்த விருந்தினரைப் போல நிற்கிறது. பின்னால் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள், புத்தகப் பைகளைத் தலையில் வைத்துக்கொண்டு, தொடையளவு தண்ணீரில் கரைக்கு நடக்கிறார்கள்.

கல்லில் ஏதோ எழுத்து இருந்தது. போன் திரையில் அது பொன்னிற எறும்பு ஊர்வதைப் போலத் தெரிந்தது. காகம் உட்காரும் கல்லை எழுத்துக்கூட்டி வாசிக்கும் வழக்கம் எங்கள் அலுவலகத்துக்கு இல்லை.

"ஆஹா!" என்றார் அதிபர். "இயற்கையும் கல்வியும் கைகோத்துப் போகுது!"

"பறவை நல்லாப் பயிற்சி எடுத்திருக்கு சேர்" என்றார் பிரதி அதிபர்.

நிருஷா வைத்த தலைப்பு 'எங்கட துறை'. தெரிவுக் குழு அதை 'வாவியின் மடியில் வளரும் அறிவு' என்று திருத்தியது. படத்தைத் தம் போனில் பார்த்த உதயரூபன் அவர்கள் உடனே அழைத்தார். "முதலாம் இடம் இதுக்குத்தான். வாசல்ல வைக்கிற அளவுக்குப் பெருசாக்குங்க. ரோட்டால போறவனுக்கும் தெளிவா விளங்கணும். செலவு மன்றத்தோட."

படத்தின் கீழே ஒட்டும் விபரப் பலகையைத் தட்டச்சு செய்யும் பெரும் பொறுப்பு எனக்கு வந்தது. அனுசரணை: திரு. உதயரூபன் அவர்கள். ஆலோசனை: அதிபர். வழிகாட்டல்: பிரதி அதிபர். ஒருமுறை நிருஷா அலுவலகம் எங்கே என்று கேட்டபோது அவர் உண்மையிலேயே வழி காட்டியிருக்கிறார். மேற்பார்வை: நிஸ்தார் சேர். அதன் கீழ், 'வாவி எழுச்சி மன்றம் அன்பளிப்புச் செய்த கமராவால் எடுக்கப்பட்டது' என்று ஒரு வரி. வடிவமைப்பு: நான். பலகை முடிந்துவிட்டது.

நிருஷா கணினி அறைக்கு வந்து திரையைப் பார்த்தாள்.

"என்ட பேர் எங்கடா?"

"இடம் காணாது நிருஷா. எழுத்தச் சின்னதாக்கினா பிரதி அதிபர்ட பட்டங்கள வாசிக்க ஏலா."

"படத்த எடுத்தது நான்."

"அத ஒருத்தரும் மறுக்கல்லையே. எழுதத்தான் இடமில்ல."

"உன்ட பேருக்கு மட்டும் இடம் வந்துட்டா?"

"அது கடைசி வரி. கடைசி வரி தட்டச்சு செய்றவனுக்கு. உலக வழக்கம் அது."

அவள் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தாள். "செயலாளர் ஐயா, கேளு. சோதனை முடிய கொழும்பில போய்ப் படம் எடுக்கப் படிக்கப்போறன் எண்டு அப்பாட்டச் சொன்னன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? போன்ல அமத்தினா எல்லாருக்கும் படம் வரும், அதில என்ன படிப்பு, பேசாம கார்மன்ஸ்ல தைக்கிற வேலைக்குப் போ எண்டார். மறுகா நான் அழ, ஒரு சொல்லுச் சொன்னார். 'இது உன்ட படம்தான், நீ எடுத்ததுதான் எண்டு பள்ளிக்கூடம் சொல்லட்டும். விடுறன்' எண்டு. ஒரு வரிதான்டா."

எனக்கு மனம் இளகியது. இளகிய மனத்தோடு அதிபரிடம் போய்க் கேட்டேன்.

"படம் எடுக்கிறது ஒரு கூட்டு முயற்சி தம்பி" என்றார் அதிபர். "தனிப் பேர் போட்டா பிள்ளைக்குத் தலைக்கனம் வரும். அந்தப் பிள்ளைட நன்மைக்குத்தான் சொல்றன்."

ஒரு மாணவியின் தலை கனக்காமல் இருக்க இத்தனை பெரியவர்கள் தங்கள் தலையில் அந்தக் கனத்தைச் சுமக்க முன்வந்ததை நினைத்து நான் உருகினேன். அச்சிட்டுவிட்டேன்.

கண்காட்சி நாள். பாண்ட் வாத்தியம், மாலை, பொன்னாடை. பாடசாலை வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் அந்தப் படம் பட்டுத் துணியால் மூடப்பட்டு நின்றது. பிள்ளைகள், பெற்றோர், வீதியில் போனவர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். துணியின் நுனியை உதயரூபன் அவர்கள் பிடித்தார். உடனே அதிபர், பிரதி அதிபர், நிஸ்தார் சேர் எல்லோரும் பிடித்தார்கள். இழுத்தார்கள்.

பெரிதாக்கியதில் நீர்க்காகத்தின் கண்கூடத் தெரிந்தது. கல்லும் தெரிந்தது. ரோட்டால் போகிறவனுக்கும் தெளிவாக விளங்கியது:

'எழில் வாவி இறங்குதுறை. பாடசாலைப் பிள்ளைகளின் பாவனைக்காகத் திறந்து வைத்து மக்களிடம் கையளித்தவர்: வாவி எழுச்சி மன்றத் தலைவர் திரு. உதயரூபன் அவர்கள்.'

தம் பெயரைப் பார்த்ததும் உதயரூபன் அவர்கள் பழக்கத்தில் கும்பிட்டுவிட்டார். பிறகுதான் கல்லுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே துறை இல்லை. ஒரு பலகை இல்லை, ஒரு தூண் இல்லை. பிள்ளைகள் தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்தார்கள்.

கூட்டம் கல்லை முழுதாக வாசித்தது. எழுத்தறிவில் நம் மக்கள் பின்தங்கவில்லை. பின்னாலிருந்து ஒரு தாயின் குரல் எழும்பியது. "திறந்து வெச்ச துறைய மறுகா ஆருகா கொண்டு போனது?"

சிரிப்பு வாசலைத் தாண்டி வீதிக்குப் போனது. பேருந்துக்கு நின்றவர்களும் காரணம் கேட்டுச் சிரித்தார்கள்.

"இத எடுத்தது ஆர்?" என்று உதயரூபன் அவர்கள் கேட்டார்.

எங்கள் பாடசாலையின் ஒழுக்கத்தை அந்த நிமிடத்தில் பார்த்திருக்க வேண்டும். விபரப் பலகையின் முன்னால் பிரதி அதிபர் முதுகைக் காட்டி நின்று அதை முழுதாக மறைத்தார். அவருடைய உடம்பு அதற்கென்றே படைக்கப்பட்டது. "நான் பொதுவாத்தான் ஆலோசனை சொல்றது" என்றார் அதிபர். "இந்தப் படத்துக்கெண்டு குறிப்பாச் சொல்லல்ல." நிஸ்தார் சேர், தாம் மேற்பார்வை செய்தது உண்மை என்றும், மேலாகத்தான் பார்த்ததாகவும் விளக்கினார். பிரதி அதிபரின் முதுகுக்கும் பலகைக்கும் இடையில் கையை விட்டு, என் பெயர் இருந்த கடைசி வரியை நான் முதலில் கிழித்தேன். ஒரு செயலாளர் எப்போதும் முன்மாதிரியாக இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை விசாரணைக் குழு கூடியது. தலைவர் அதிபர். உறுப்பினர்கள் பிரதி அதிபரும் நிஸ்தார் சேரும். செயலாளர் நான். இல்லாத துறையைப் பற்றி விசாரிப்பது எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று தொடக்கத்திலேயே ஏகமனதாக முடிவு செய்துகொண்டு, இருக்கும் பிள்ளையை விசாரித்தோம். அவளோடு கந்தப்போடியும் வந்திருந்தார். சாரன் தொடைவரை நனைந்திருந்தது. துறை வழியாக வந்திருக்கிறார்.

"இது உங்கட மகள்ற வேலை" என்று அதிபர் மேசையில் தட்டினார்.

கந்தப்போடி மகளைப் பார்த்தார். "என்ன சேர் சொல்றீங்க?"

"இந்தப் படம்! இத எடுத்தது இந்தப் பிள்ளைதான். வேற ஒருத்தரும் இல்ல!"

"வேற ஒருத்தரும் இல்லையா?"

"இல்ல!"

"சேர்மார் ஆரும் சொல்லிக் குடுக்கல்லையா?"

"சத்தியமா இல்ல" என்றார் நிஸ்தார் சேர். "வல்லாஹி, நான் கமராவக் கண்ணிலயும் காட்டல்ல."

"அப்ப பள்ளிக்கூடக் கமராவால எடுக்கல்லையா?"

"அது அலுமாரிக்குள்ள இரிக்கி. சாவி என்னட்ட" என்றார் அதிபர். "என்ன நினைச்சு எடுத்தாளோ, என்னத்தப் பாத்து எடுத்தாளோ, எல்லாம் அவள்ற சொந்தப் புத்தி!"

கந்தப்போடி கதிரையின் நுனிக்கு வந்தார். முகத்தில் ஏதோ விடிந்துகொண்டு வந்தது. "இன்னொருக்காச் சொல்லுங்க சேர்."

அதிபர் இன்னொரு தடவை, இன்னும் உரத்துச் சொன்னார். பெற்றோர் ஒருவர் குற்றச்சாட்டை இவ்வளவு ஆசையாகக் கேட்டு அவர் பார்த்ததில்லை.

"எழுதித் தருவீங்களா?"

"தாராளமா! தம்பி, அடி!"

நான் அடித்தேன். இப்படத்தை மாணவி நிருஷா தனியாகவே எடுத்தாள் என்றும், பார்வை, எண்ணம், செயல் மூன்றும் முழுக்க அவளுடையவை என்றும், பாடசாலையிலோ மன்றத்திலோ ஒருவரும் எந்தவிதமான ஆலோசனையும் வழிகாட்டலும் மேற்பார்வையும் வழங்கவில்லை என்றும் குழு உறுதிப்படுத்துகிறது. அவள் திட்டத்திலிருந்து உடனடியாக நீக்கப்படுகிறாள். கையொப்பம் வைக்க மூவரும் ஒரே நேரத்தில் பேனாவை எடுத்தார்கள். பலகையில் பெயருக்கு இடம் பிடிக்கவும் இவ்வளவு அவசரப்படவில்லை. அதிபர் முத்திரையை இரண்டு தடவை குத்தினார்.

கந்தப்போடி அந்தத் தாளை மகளிடம் கொடுத்து, "வாசி" என்றார். நிருஷா வாசித்தாள். கடைசி வரிக்கு வந்தபோது அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை.

"சரி புள்ள" என்றார் அவர். "கொழும்புக்கு எப்ப போகணும்?"

பிறகு எங்கள் நால்வரையும் பார்த்து, அந்த மனிதர் கும்பிட்டு நன்றி சொன்னார். நனையாமல் இருக்கத் தாளை ஷொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு வாவிப் பக்கம் போனார்.

எங்கள் பாடசாலை ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் சான்றிதழ் வழங்குகிறது. கையளிப்புக்கு ஒன்று, கைதட்டியதற்கு ஒன்று. என் மார்கழிப் பனிக்கும் ஒன்று கிடைத்தது. அத்தனையிலும் பொய் கலக்காத சான்றிதழ் ஒன்றே ஒன்றுதான். அதையும் தண்டனை என்று நினைத்துத்தான் கொடுத்தோம்.