தேங்காய் நார் மாளிகை

இனிமேல் கமலவேணியின் குரல் எட்டாத இடத்தில்தான் தூங்குவது என்று தணிகாசலம் முடிவு கட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொந்தமாக எடுத்த முதல் முடிவு இது. அவள் பேச்சுக்கு 'ம்' கொட்டுவதைக்கூட எப்போதோ நிறுத்தியிருந்தார். ஆனாலும் காது இருக்கிறதே, அதை எங்கே கழற்றி வைப்பது?

வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு அவருக்குத் தவளக்குப்பம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. தேங்காய் நாரையும் சணலையும் பிசின் விட்டு அழுத்திப் பலகை செய்கிற இடம். அந்தப் பலகையில் சுவரும் கூரையும் போட்டால் வெயில் உள்ளே வராது. சத்தமும் வராது. ஏசி வேண்டாம், கரெண்டு மிச்சம். லாஸ்பேட்டையில் அவர் வீடோ சித்திரை மாதத்தில் அடுப்பில் வைத்த சட்டி. எனவே மொட்டை மாடியில் ஓர் அறை. ஒரு கட்டில் போட்டால் பக்கத்தில் பாய்கூட விரிக்க முடியாதபடி அளவெடுத்தார்.

"இன்னாய்யா கட்ற மாடியில?"

"உனக்காகத்தான் கமலா. ஏசி கேட்டியே, இது அதவுட ஒசத்தி. அத்தினியும் நாரு. ஒலகத்துக்கே நல்லது."

"மாடியில கட்னா கீழ இருக்கற எனக்கு இன்னா?"

"மேல சூடு தங்காது. கீழயும் ஜில்லுனு ஆயிடும்."

"சரி, ஒலகம் நல்லா இருக்கட்டும்" என்று முருங்கைக்கீரையை ஆய்ந்தாள்.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதும் மனுஷன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பாவம், சந்தோஷப்பட்டுவிட்டார்.

அறை முடிந்தது. பட்டப்பகலில் உள்ளே நின்றால் மார்கழி. அன்றைக்கே தலையணையைத் தூக்கினார்.

"பால் காய்ச்சாத எடத்துல படுப்பியா? வெளங்குமா?"

அதுவும் நியாயம்தான். வெள்ளிக்கிழமை பெரிய மார்க்கெட்டில் அவரே பூவும் பழமும் வாங்கி வந்தார். "நாருடி, பத்திரம்" என்று ஸ்டவ்வைக் காவல் காத்தார். பால் நன்றாகப் பொங்கியது. இரவு ஆசை ஆசையாகத் தலையணையோடு படியேறினால், கட்டிலில் கமலவேணி.

"பால் காய்ச்சுனவ அன்னிக்கி ராத்திரி அங்கதான் தங்கணும்யா."

"அப்ப நானும் தங்கறேன்."

"எங்க? பாய் விரிக்கக்கூட நீ எடம் வுடலயே!"

அந்த ஒரு ராத்திரி ஐப்பசி வரைக்கும் நீண்டது. கீழே துளியும் ஜில்லென்று ஆகவில்லை. அவள் சமைப்பாள், தட்டை வைப்பாள், மேலே போய்விடுவாள். திட்டு கிடையாது, புலம்பல் கிடையாது. ஆசைப்பட்ட அமைதி அப்படியே கிடைத்தது. அதில் அவருக்குத் தூக்கம்தான் வரவில்லை. வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பது இவ்வளவு கொடுமையாக இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை.

கடைசியில் வெட்கத்தை விட்டுப் போய்க் கதவைத் தட்டினார். அவள் கொஞ்சமாகத் திறந்தாள்.

"கீழ வந்துடு கமலா. பேச ஆளில்லாம இருக்க முடியல."

"பழகிடும்யா. உங்கூட குடித்தனம் பண்ணிக்கினே நான் பழகிக்கலயா?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.