பிட்டு மாற்ற அரை நாள்

இந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், தங்கமான மனிதர். மரப்பட்டறை வைத்திருந்தவர். வாயைத் திறந்தால் மட்டும் தன் முழங்கால் ஆபரேஷனை முதல் ஊசியிலிருந்து ஆரம்பிப்பார். தையல் பிரிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

அதனால் காலையிலேயே பின் அறையில், பலகைக்கு ஓரம் செதுக்கும் ரவுட்டர் மிஷினைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி தலை பின்னி, செருப்பு மாட்டி வந்து நின்றாள்.

"என்னங்க, நீங்க கிளம்பலயா?"

"எப்படிம்மா? மரத்தைச் செதுக்குற இந்த அலகு, பிட்டு, இதை மாத்தணும். விளையாட்டில்ல, விரல் போயிடும். அரை நாள் ஆகும்."

"அப்படியா!" ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "முதல்ல என்ன செய்யணும்?"

"ப்ளக்கைப் பிடுங்கணும்." பிடுங்கினார்.

"அப்புறம்?"

"பிட்டைக் கவ்விக்கிட்டு இருக்கு பாரு, இதான் கோலெட்டு. ஒரு ஸ்பேனரால தண்டைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொண்ணால நட்டைத் திருப்பணும்."

நட்டு தளர்ந்தது. பிட்டு வரவில்லை. இழுத்தார். முறுக்கினார். பல்லைக் கடித்தார். ஊஹூம். சொன்ன பொய் இப்படி மெய்யாகும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

"நட்டுதான் தளர்ந்துடுச்சே, பிட்டு ஏங்க வரல?"

"அதான் எனக்கும் புரியல. அந்தச் சுத்தியலை எடு."

"ஐயய்யோ, தட்டாதீங்க! நட்டை இன்னும் திருப்புங்க. மறுபடி இறுகும். விடாம திருப்புனா கோலெட்டு பிடியை விட்டுடும்."

அரைகுறை நம்பிக்கையோடு திருப்பினார். நட்டு நிஜமாகவே மறுபடி இறுகியது. இன்னோர் அழுத்து. 'டக்'. பிட்டு சமர்த்தாகக் கழன்று வந்தது.

அவர் திறந்த வாயை மூடுவதற்குள் அவள் புதுப் பிட்டை அடிவரை செருகி, ஒரு நூல் மேலே இழுத்தாள். இரண்டு ஸ்பேனரையும் ஒரே கைக்குள் சேர்த்துப் பிடித்து ஓர் அமுக்கு. அவ்வளவுதான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"உனக்கு எப்படி இதெல்லாம்?"

"போன ஞாயித்துக்கிழமையும் அரை நாள்னு சொன்னீங்கல்ல? அப்படி என்னதான் இருக்குன்னு அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் 'அப்புறம், அப்புறம்'னு கேட்டியா?"

"நீங்க எப்படிச் சொல்றீங்கன்னு பாக்க வேணாமா?"

அவர் பெருமூச்சு விட்டார். "சரி, தோத்தேன். சட்டை மாத்திட்டு வர்றேன், உங்க அண்ணன் வீட்டுக்கே போகலாம்."

"ஐயோ, நீங்க எங்கயும் வர வேணாம்."

அவருக்கு மனசு குளிர்ந்தது. கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று தோன்றியது.

"பஸ் ஸ்டாண்டுக்கு நானே போய்க்கிறேன். இந்த மிஷினோட நீங்க படுற பாட்டைச் சொன்னேனா, அண்ணன் பெட்டி படுக்கையோட பஸ் ஏறிட்டாரு. பத்து நாள் இங்கயே தங்கி, உங்க பக்கத்துலயே உட்கார்ந்து சொல்லித் தருவாராம்."